மிதக்கும் மணிகள்

கம்பு விதைக்கும் முன் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்ட வேண்டும். நல்ல மணி அடியில் தங்கும். நோய் பிடித்தது மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மீதியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் போடுகிறவர்களுக்கு அந்த நோயின் பெயர் தெரியும்: தேன் ஒழுகல்.

கதிர் பூக்கும் நேரத்தில் கிளாவிசெப்ஸ் என்ற பூஞ்சை உள்ளே புகுந்தால், மணி பிடிக்க வேண்டிய இடத்தில் தேன்போலப் பிசின் வடியும். பிறகு கறுத்த கட்டி ஒன்று அங்கே உட்கார்ந்துகொள்ளும். அது மாவில் கலந்தால் வாந்தியும் தலைசுற்றலும் வரும், கண் செருகும். 1970களில் ராஜஸ்தானில் கம்பு உண்டவர்களுக்கு இப்படி நேர்ந்தது. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தில் வளரும் இதன் உறவுப் பூஞ்சை இன்னும் கொடியது. வலிப்பு வரும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும்.

பெயர் மட்டும் நம் ஊரை ஒத்த இன்னொரு சேலத்தின் கதையில் இந்தப் பூஞ்சையும் சேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், 1692ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாதிரியார் வீட்டுச் சிறுமிகள் இருவர் துடித்து விழுந்தனர். ஒருத்தி, பதினொன்றோ பன்னிரண்டோ வயதான அபிகாயில் வில்லியம்ஸ். சூனியம் வைத்தது யார் என்று பெரியவர்கள் கேட்டார்கள். பெயர்கள் வரத் தொடங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வாய் திறக்க மறுத்த ஒரு முதியவரைப் பாரம் ஏற்றியே கொன்றார்கள்.

அந்தச் சிறுமிகள் உண்டது பூஞ்சை பிடித்த ரை ரொட்டியாக இருக்கலாம் என்று 1976இல் ஆய்வாளர் லிண்டா கேபரேல் எழுதினார். அதே ஆண்டே மறுப்பும் வந்தது. விஷம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்து உண்ட குடும்பம் முழுவதும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்குள் வந்ததும் தொடங்கி, அவர் கை தொட்டதும் நிற்கும் வலிப்பை எந்தப் பூஞ்சை தரும்?

உடலில் கிடைக்காத விடையை அதற்கு முன்பே நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மனத்தில் தேடியிருந்தார். 1953இல் அரங்கேறிய 'தி குரூசிபிள்' நாடகத்தில் அபிகாயிலின் வயதைப் பதினேழாக உயர்த்தினார். ஜான் பிராக்டர் வீட்டில் வேலை செய்தவள். அவனோடு உறவு கொண்டவள். அவன் மனைவியால் வெளியேற்றப்பட்டவள். அவள் பொய்யின் அடியில் காதல் இருக்கிறது. ஆனால் முதல் பொய்யைச் சொல்ல வைத்தது காதல் அல்ல, அச்சம். அவள் காட்டில் நடனமாடியது தெரிந்தால் சவுக்கடி விழும். அடிமைப் பெண் டிட்யூபா சூனியத்தை ஒப்புக்கொண்டதும் அதட்டல் அடங்கி, கனிவான பேச்சு வருவதை அவள் பார்க்கிறாள். பெயர் சொன்னால் தப்பலாம் என்று அந்த நொடியில் கற்றுக்கொள்கிறாள். பெற்றோரை இழந்து, எவர் வீட்டிலோ ஏவல் செய்தவளின் சொல்லுக்கு நீதிபதிகளே செவிசாய்க்கும்போது, அச்சம் அதிகாரமாகிவிடுகிறது.

ஒரு சிறுமியின் பொய் ஊரைக் கொல்ல, ஊருக்கும் காரணம் வேண்டும். அந்தச் சேலத்தில் நிலத்தகராறுகள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. இன்றைய ஜார்க்கண்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடல்நிலை கெட்டதற்காக 1995இல் சூனியக்காரி என்று துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டு ஓடியவர் சுட்னி மஹதோ. பின்னர் அவரைப்போன்ற பெண்களைக் காக்கப் போராடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இத்தகைய பழிகளின் பின்னால் விதவையின் நிலம் பலமுறை இருந்திருக்கிறது. 2001 முதல் அங்கே தனிச் சட்டம் உண்டு.

பழியைச் சோதிக்க, ஐரோப்பாவில் சந்தேகிக்கப்பட்டவர்களைக் கட்டித் தண்ணீரில் எறிந்ததும் உண்டு. மிதந்தால் சூனியக்காரி. மூச்சு நிறைந்த மனித உடல் தண்ணீரைவிடச் சற்று லேசு. பெரும்பாலோர் மிதக்கத்தான் செய்வர். அமெரிக்கச் சேலத்தின் சோதனை இன்னும் மோசம். "அவள் ஆவி என்னைக் கிள்ளுகிறது" என்பதே சாட்சி. அந்த ஆவி, சொன்னவளின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். 1693இல் அந்தச் சாட்சியம் செல்லாது என்றானதும், விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள்.

நம் ஊரிலும் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால், யார் வைத்த செய்வினை என்று குறி கேட்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். பிறகும் எவராவது ஒரு பெயரைச் சொன்னால், அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பெண் நிரபராதி என்றால், அது தெரிய உங்கள் சோதனையில் என்ன வழி இருக்கிறது? உப்புத் தண்ணீரில் நல்ல மணிக்கு அந்த வழி இருக்கிறது. அது அடியில் போய்த் தங்கும்.