ரீடேக் ஆஃப் அம்ரிதா

ரீடேக் ஆஃப் அம்ரிதா என்பது ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023) தம் தாய்வழிக் குடும்பத்தின் பழைய ஒளிப்படங்களைக் கணினியில் இணைத்து உருவாக்கிய கருப்பு வெள்ளை டிஜிட்டல் படத்தொகுதி ஆகும். 2001-இல் இத்தொகுதி வெளிவரத் தொடங்கியது. ஒரு காட்சியை மறுபடி எடுப்பதைத் திரைப்படத் துறையினர் 'ரீடேக்' என்பர்.

குடும்பப் பின்னணி

புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா சேர்கில் விவானின் பெரியம்மா. 1913-இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா, 1941 டிசம்பரில் லாகூரில் 28 வயதில் இறந்தார். அங்கேரியரான அவருடைய தாயார் 1948-இல் தற்கொலை செய்துகொண்டார். அப்போது விவானுக்கு வயது ஐந்து. பெரியம்மாவையோ அவர் பார்த்ததே இல்லை. அம்ரிதா மறைந்த பிறகே பிறந்தவர். (விவானின் தந்தை கே. வி. கே. சுந்தரம், இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர்.)

தாத்தா உம்ராவ் சிங் சேர்கில் (1870–1954) சமசுகிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். ஒளிப்படக் கலையில் தீராத ஆர்வம் கொண்டவர். அங்கேரி, பாரிசு, சிம்லா எனக் குடும்பம் வாழ்ந்த இடங்களிலெல்லாம் மனைவியையும் இரு மகள்களையும் படமெடுத்தார். தம்மையும் பலமுறை எடுத்துக்கொண்டார். பேரனுக்குக் கிடைத்த மூலப்பொருள் பெரும்பாலும் இவையே.

உருவாக்கிய முறை

வெவ்வேறு ஆண்டுகளிலும் ஊர்களிலும் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றி, ஒன்றில் இருப்பவரை மற்றொன்றில் கொண்டுபோய் நிறுத்தினார் விவான். கருப்பு வெள்ளை என்பதால் ஒட்டிய இடம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குப் பின்னால் இருந்து மகளைப் பார்த்த தந்தை, இங்கே அவளோடு ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். 'சிஸ்டர்ஸ் வித் டூ கேர்ள்ஸ்' என்னும் படத்தில் அம்ரிதாவும் தங்கை இந்திராவும், அம்ரிதா 1939-இல் தீட்டிய 'டூ கேர்ள்ஸ்' ஓவியத்துடன் சேர்க்கப்பட்டுள்ளனர். இந்த இந்திராதான் விவானின் தாய், 1975-இல் காலமானார்.

இறந்தவரின் படத்தைச் சட்டமிட்டு, மாலையிட்டு, சுவரில் மாட்டுவது நம் வீடுகளின் வழக்கம். மாட்டிய பின் அந்த முகம் மாறுவதில்லை. இத்தொகுதியில் மறைந்தவர்கள் இடம் மாறுகிறார்கள், வயது மாறுகிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. ஆறுதலைத் தேடி இப்படங்களைப் பார்ப்பவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும்.

தாத்தா எடுத்த படங்களை மாற்றலாமா என்று கேட்பது நியாயமே. மாற்றப்பட்டவை கணினிப் படிகள்தாம், மூலப் படங்கள் அல்ல. இவை நடந்த காட்சிகள் அல்ல என்பதைத் தலைப்பே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இறந்தவரைச் சிரிக்கவும் பேசவும் வைக்கும் இன்றைய செயலிகளில் இந்த நேர்மையைக் காண்பது அரிது.

அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் விவான் இரண்டு தொகுதிகளாக 2010-இல் பதிப்பித்தார். அவற்றில் பேசுவது அம்ரிதாவே.