பெட்டி திரும்புமா?

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகையோ நெடுந்தீவுப் படகையோ காத்து நிற்போர், பிஸ்கட்டும் சவர்க்காரமும் மட்டைப் பெட்டிகளிலே ஏறிச் செல்வதைக் கண்டிருப்பர். வெறுமையான பின் அப்பெட்டிகளின் கதி யாது? ஊர்காவற்றுறையாயின் பண்ணைப் பாலம் வழியே வரும் லொறி ஏற்றிச் செல்லலாம். கடல் சூழ்ந்த இவ்விரு தீவுகளுக்கும் அவ்வசதி இல்லை. வெறும் பெட்டி பாரமற்றது. ஆயினும் படகில் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

நம் முன்னோருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. பனங்கட்டி ஓலைக் குட்டானில் வந்தது. குட்டான் மண்ணோடு மண்ணாயிற்று. கச்சான் பழைய பத்திரிகைச் சரையில் வந்தது. (நாம் எழுதும் இப்பக்கமும் சரையாகலாம், அச்சு மை உணவில் ஒட்டுமாதலால் அதனை நாம் விரும்போம்.)

மட்டையோ எரிப்பதற்குரிய குப்பையன்று. நீரில் ஊறவைத்துக் கூழாக்கினால் மீண்டும் மட்டையாகும். ஒவ்வொரு முறையும் நார் குறுகுவதால், ஐந்து முதல் ஏழு முறை வரையே இது இயலும். எண்ணெய் ஊறிய மட்டை உதவாது. எண்ணெய் நாரை விட்டு எளிதில் நீங்காது. கடதாசிக்கு மரமே வேண்டும் என்பதுமில்லை. 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனை ஆலை வைக்கோலிலிருந்தே கடதாசி செய்தது.

2017 செப்டெம்பரில் பொலித்தீன் உணவுத்தாள் தடைசெய்யப்பட்டபோது கடதாசியின் மதிப்பை அரசும் உணர்ந்தது. ஆனால் நனைந்த மட்டையின் மதிப்பு குறைந்துவிடும். ஆகவே தீவுக் கடைக்காரர்கள் ஐப்பசி மாரிக்கு முன்னரே பெட்டிகளை விரித்து, கூரையின் கீழ் அடுக்கிக் கட்டி, ஒரு படகுப் பாரம் சேர்ந்ததும் குறிகாட்டுவானுக்கு அனுப்புதல் வேண்டும்.