பாட்டி தந்த கள்ளிச் செடி

நம் வீடுகளில் பாட்டி காலத்து வெண்கலப் பானையோ பித்தளைக் குத்துவிளக்கோ மகள் கைக்கும், பிறகு பேத்தி கைக்கும் மாறி வருவதுண்டு அல்லவா? அமெரிக்காவில் பல குடும்பங்களில் அப்படி ஒரு பூந்தொட்டி கைமாறி வருகிறது. தொட்டியில் இருப்பது ரோஜாவோ மல்லிகையோ என்று நினைத்துவிடாதீர்கள். கள்ளி! கிறிஸ்துமஸ் கள்ளி என்று பெயர். ஐம்பது வயது, எழுபது வயதுச் செடிகளை நானே பார்த்திருக்கிறேன். நூறைத் தாண்டிவிட்டது என்று குடும்பத்தார் தலைமுறைக் கணக்குச் சொல்லும் செடிகளும் உண்டு.

பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ வந்து ஆறு மாதம் தங்கிப் போகும் வாசகியர் இதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டிக் கிடக்கும் டிசம்பரில், ஜன்னலோரமாக இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். முள் கிடையாது. இலை போலத் தெரிவது இலையும் அல்ல. தண்டுதான் தட்டையாகி, சங்கிலிக் கண்ணி மாதிரி ஒன்றன் நுனியில் இன்னொன்றாகத் தொடர்ந்துகொண்டே போகிறது. நம் ஊரில் ராத்திரி பூத்து விடிவதற்குள் வாடிவிடும் நிஷாகந்தி இருக்கிறதே, பலர் பிரம்ம கமலம் என்று கும்பிடுவது, அதற்கு இது உறவு.

கள்ளி என்ற பெயர்தான் இதற்குச் சத்துரு! பெயரைக் கேட்டதும் பாலைவனம் நினைவுக்கு வர, சிலர் சுள்ளென்ற வெயிலில் வைத்து வறுத்துவிடுகிறார்கள். இதன் தாய்வீடு பாலைவனமே அல்ல. தென்கிழக்கு பிரேசிலில், கடலை ஒட்டிய மலைக்காடுகள். அங்கே மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும், மட்கிய சருகில் வேர் ஊன்றி, மேகமும் தூறலும் நிழலுமாக வாழ்கிற செடி இது. தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவைகள் வந்து தேன் குடித்துப் போகும். அங்கே இதற்கு ‘மே மாதப் பூ’ என்று பெயர். பூமியின் தென்பாதியில் பகல் குறுகிக் குளிர் தொடங்குவது அப்போதுதானே! இந்தத் தாய்வீட்டை மனசில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

பிரேசிலிலிருந்து இதன் ஒரு வகை 1818 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. ஜார்ஜ் கார்ட்னர் என்பவர் 1837இல் ஆர்கன் மலைகளில் இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார். இரண்டையும் இணைத்து 1850ஐ ஒட்டி இங்கிலாந்தில் பக்லி என்பவர் உண்டாக்கிய கலப்புதான் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. பழைய குடும்பங்களில் இருப்பது பெரும்பாலும் இதுவே. இப்போது கடைகளில் அதே பெயரைச் சொல்லி விற்பது பெரும்பாலும் வேறு. அது நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகையை ஒட்டிப் பூப்பது. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். கண்ணியின் ஓரம் நண்டுக் கொடுக்கு மாதிரி கூராக இருந்தால், மகரந்தம் மஞ்சளாக இருந்தால், அது கடைச்சரக்கு. ஓரம் மழமழவென்று அலை அலையாக வளைந்து, மகரந்தப் பைகள் கத்தரிப்பூ நிறம் கலந்திருந்தால், பாட்டி காலத்துச் செடி. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனால் கடையில் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இவ்வளவும் நான் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு அம்மாளால். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருபது வருஷமாக இருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அப்போது எண்பத்தாறு வயது. அவருடைய பாட்டி வைத்திருந்த செடி, அம்மாவிடம் வந்து, இவரிடம் வந்தது. நாலடி அகலத்துக்குப் படர்ந்து கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அந்த வருஷம் இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் அவர் வீட்டில் இல்லை. உதவிக்கு வந்த பெண் பாவம், நல்ல மனசோடு தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் கண்ணிகள் சுருங்கித் துவண்டு தொங்குகின்றன. வசந்தம் வந்ததும் வீட்டை விற்றுவிட்டு அவர் முதியோர் இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரே அறை, ஒரே ஜன்னல். “ஹனி, இது எனக்கு முன்னாடியே போயிடும் போலிருக்கே” என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இங்கேதான் கவனம் தேவை. கண்ணி சுருங்கினால் தாகம் என்று நினைத்து எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறோம். வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் சுருங்கும், ஏனென்றால் உறிஞ்ச வேர் இல்லை! விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்து செடி சுருங்கியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் சுருங்கியிருந்தால் அழுகல். பிறகு அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். பழைய செடியில் அடித்தண்டு பழுப்பேறி, மரக்கட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும். அது வயசின் அடையாளம், பயப்பட வேண்டாம். அழுத்தினால் பிசுபிசுவென்று அமுங்கினால்தான் ஆபத்து. அம்மாளின் செடியில் ஐந்து அடித்தண்டுகள். இரண்டு அமுங்கின.

இந்தக் கள்ளிக்கு வேர் நெருக்கமாக இருப்பதுதான் பிடிக்கும், தொடவே கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பெருமளவு சரிதான். மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு முறை, பூ முடிந்தபின் மாற்றினால் போதும். மொட்டு வைத்த செடியைத் தொடவே தொடாதீர்கள். ஆனால் அழுகல் என்றால் பருவம் பார்த்துக் காத்திருக்க முடியாது. பிப்ரவரிக் குளிரிலேயே செய்துவிடலாம் என்று சொன்னேன். அம்மாள் இரண்டு நாள் யோசித்தார். கை வைத்து அங்கேயே செத்துப் போனால்? கை வைக்காவிட்டால் எப்படியும் போகும். அவரே முடிவு பண்ணிக்கொண்டு போன் செய்தார்.

பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். சமையலறைத் தரையில் பழைய பேப்பர் விரித்தோம். கிளைகள் ஒடியாமலிருக்க, என் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, நாலைந்து கொத்தாகத் தளர்த்திக் கட்டினேன். கயிறு கட்டக் கூடாது, அறுத்துவிடும். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கத்தியை உள்சுவரோடு விட்டுச் சுற்றினேன். ஊஹூம், அசையவில்லை. உப்புப் பூத்த மண் தொட்டி, வேர் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பாட்டி வாங்கிய தொட்டி. நான் கையை எடுத்துவிட்டேன். அம்மாள்தான், “உடைச்சிடு. தொட்டியா பூக்குது?” என்றார்.

உடைத்ததும் பார்த்தால் வேடிக்கை! மேலே மூன்று அங்குலம் சேறு. நடுவில் செங்கல் மாதிரி காய்ந்த கட்டி. பல வருஷம் மாற்றாத மண் இறுகிப்போனால் தண்ணீர் அதற்குள் இறங்காது. ஓரமாக வழிந்து போய்விடும். ஆக ஒரே தொட்டியில் பாதி வேர் தாகத்தில், பாதி வேர் வெள்ளத்தில். விரலால் மெள்ள உதிர்த்தோம். இதன் வேர் ஆழம் போகாது, நூல் மாதிரி மெல்லியது. வெளுப்பாக, இழுத்தால் தாங்குவது நல்ல வேர். கறுத்து, தோல் உருவிக்கொண்டு வருவது அழுகியது. அதை நறுக்கிவிட வேண்டும். அழுகிய இரண்டு தண்டுகளையும் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் மேலே மேலே வெட்டிக்கொண்டு போனோம். உள்ளே பழுப்பு வளையம் தெரியும் வரை வெட்ட வேண்டும். சுத்தமான பச்சை தெரிந்ததும் நிறுத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க மறக்காதீர்கள்.

புதுத்தொட்டி பழையதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். ஆரோக்கியமான செடிக்கு ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகலம் கூட்டலாம். வேர் குறைந்துபோன செடிக்குச் சின்னத் தொட்டிதான் நல்லது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகல் வரும். ஓட்டையுள்ள மண் தொட்டியாக வாங்கினேன். கடையில் விற்கும் சாதாரணத் தொட்டி மண் கலவை இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு. அடியில் கூழாங்கல் பரப்புவதால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது வெறும் நம்பிக்கை. ஓட்டை மீது ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட வேண்டும். அடித்தண்டைப் புதைக்கக் கூடாது. நட்டதும் கை பரபரக்கும், தண்ணீர் ஊற்றச் சொல்லி! ஒரு வாரம் ஊற்றாதீர்கள். வெட்டுக்காயம் ஆற வேண்டாமா?

தாய்ச்செடியை மட்டும் நம்பியிருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். வெட்டிப்போட்ட நல்ல கிளைகளிலிருந்து மூன்று மூன்று கண்ணியாக, கத்தியில்லாமல் லேசாகத் திருகியே எடுத்தோம். நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, ஒரு சின்னத் தொட்டிக்கு நாலு வீதம், கடைசிக் கண்ணி பாதி மறையும்படி நட்டோம். மூன்று நாலு வாரத்தில் வேர் பிடித்துவிடும். இருபது குட்டித் தொட்டி! சமையலறை முழுக்க நர்சரி மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுச் சாமான்கள் ஏலம் போன அன்று, தாய்ச்செடி என் வீட்டு மாடிக்கு வந்தது. ஒரு குட்டித்தொட்டி அம்மாளோடு இல்லத்துக்குப் போனது.

மேல்மண் காய்ந்தபின் தண்ணீர். நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம். கண்ணி சிவந்தால் வெயில் ஜாஸ்தி. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை மாதம் ஒரு முறை, பாதி அளவு கரைத்த உரம். பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். குழந்தையோ பூனையோ கடித்துவிட்டால் விஷமாகிவிடுமோ என்ற பயமில்லை. இதெல்லாம் சில்லறை வேலை.

பூ விஷயம்தான் பெரிய விஷயம். பகல் குறுகி இரவு நீண்டால்தான் இது மொட்டு வைக்கும். ஒரு நாளைக்கு பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு, சுமார் ஆறு வாரம் வேண்டும். நடுவே விளக்கைப் போட்டுவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். இரவில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிர் இருந்தால் மிகவும் நல்லது. பழைய வீடுகளில் சூடேற்றாத அறைகள் இருந்தன. சாயங்காலம் ஆனால் இருட்டு. செடி தானாகப் பூத்தது. இப்போது வீடெல்லாம் ஒரே சூடு, ஒரே வெளிச்சம். ‘எங்கம்மா கையில் பூத்தது, என் கையில் பூக்கவில்லை’ என்று குறைப்படுகிறவர்கள் கையைப் பார்க்க வேண்டாம், விளக்கைப் பார்த்தால் போதும். நம் சமவெளி ஊர்களின் வெப்பத்தில் பூப்பது கஷ்டம்தான். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் நன்றாக வரும். அதற்காக இங்கிருந்து ஒரு கிளையைக் கிள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போக நினைக்காதீர்கள். அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் அயல்நாட்டுச் செடி கொண்டுபோவது சட்டப்படி குற்றம்.

மொட்டு வந்தபின் இடம் மாற்றாதீர்கள். ஹீட்டர் காற்று படும் இடம் கூடாது. பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழக் கூடையும் வேண்டாம். பழுக்கும் பழங்கள் விடுகிற எதிலீன் வாயுவுக்கே மொட்டு உதிர்ந்துவிடும்.

தாய்ச்செடி அந்த டிசம்பரில் பூக்கவில்லை. அடிபட்ட செடி முதலில் வேரைத்தானே பார்த்துக்கொள்ளும்! அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவராகவே, “வேர் பிடிச்சுதா? அது போதும்” என்றார். இல்லத்துத் தொட்டிக்கு வேறு தொல்லை. அங்கே ராத்திரி முழுக்க வராந்தா விளக்கு எரியும். கதவிடுக்கு வழியாக வெளிச்சம் வரும். மொட்டு எப்படி வைக்கும்? அடுத்த செப்டம்பர் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக்குப் போகும்போது கவிழ்த்துவிட வேண்டியது, காலை ஏழு மணிக்கு எடுத்துவிட வேண்டியது. பணிப்பெண்கள் முறைபோட்டுக்கொண்டு செய்தார்கள். நவம்பர் கடைசியில் போன்: “பதினோரு மொட்டு, ஹனி! இரண்டு தடவை எண்ணிட்டேன்.” என் வீட்டு மாடியில் தாய்ச்செடியிலும் அந்த வருஷம் பூ வந்தது, பழைய கூட்டம் இல்லை, ஒரு பக்கம் மட்டும்.

மீதிக் குட்டித்தொட்டிகள் அவருடைய பேரன் பேத்திகள் வீடுகளுக்கும், சர்ச் தோழிகளுக்கும், இரண்டு என் நாத்தனார் வீட்டுக்குமாகப் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் ஐஸ்கிரீம் குச்சி ஒன்று செருகி, யாருடைய பாட்டியின் செடி, எந்த வருஷம் பதியன் போட்டது என்று அம்மாள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பேனாவை நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். மை வெயிலில் வெளுத்துப் போகுமாம். பென்சிலால்தான் எழுதினார்.