பேங்க்கில் வேலை... பையில் கதை!

"வேலைக்குப் போயிட்டா வரையிறது, எழுதுறதெல்லாம் அவ்ளோதாம்ல!" என்று ஃபைனல் இயர் வந்ததுமே புலம்ப ஆரம்பிக்கும் நெல்லை நண்பர்களே... உங்க ஊர் வண்ணதாசனைக் கொஞ்சம் பாருங்க.

1946-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1962-ல் எழுத ஆரம்பித்தார். முதல் சிறுகதைத் தொகுப்பு 'கலைக்க முடியாத ஒப்பனைகள்' வந்தது 1976-ல். நடுவில் 14 வருஷம்! நாமதான் ரெண்டு நாளில் நூறு லைக் விழலைன்னா நோட்டையே மூடிடறோம். ஸ்டேட் பேங்க்கில் வேலை பார்த்தபடியேதான் எழுதினார். கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி, பேங்க்கில் கல்யாணசுந்தரம். 2016-ல் 'ஒரு சிறு இசை' தொகுப்புக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தபோது வயசு 70.

அவர் கதைகளில் பெரும்பாலும் நம்ம தெரு ஜனங்கதான். அதனால எழுதுறவங்க மேட்டருக்கு அலைய வேண்டாம். குறுக்குத்துறை படித்துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, காதில் விழுவதை எழுதுங்க. சுமாரா வந்தாலும் கிழிக்காம தேதி போட்டு வைங்க.

வரையிற ஆளா? கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களில் ஒண்ணே ஒண்ணை எடுத்துக்குங்க. முகத்தை விடுங்க, முதல் வாரம் கைவிரல்கள் மட்டும். திருச்செந்தூர் ரோட்டில்தான் இருக்கு. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே பஸ் ஏறிடுங்க!