அப்பாவோட கோல்டு பிளேட்டட் வாட்ச்சை நான் கெடுத்த கதை: நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க!



வழக்கமா இங்க எஸ்.ஐ.பி., டேக்ஸ், இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு பீரோவுல தூங்கிக்கிட்டு இருக்கிற ஒரு பொருளைப் பத்திப் பேசலாம்.

எங்க அப்பாகிட்ட ஒரு கோல்டு பிளேட்டட் எச்.எம்.டி. வாட்ச் இருக்கு. கல்யாணத்துல தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, மாப்பிள்ளைக்குப் போட்டது. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அதைப் பளபளன்னு ஆக்கிக் கட்டிவிடணும்னு எனக்கு ஆசை. கண்ணாடியில நிறைய கீறல். அந்தக் காலத்து வாட்ச்ல பல மாடல்கள்ல இருக்கிறது அக்ரிலிக் கண்ணாடி. டூத்பேஸ்ட் வச்சுத் தேய்ச்சா கீறல் போகும்னு படிச்சேன், தேய்ச்சேன். கண்ணாடி நிஜமாவே தெளிவாயிடுச்சு. ஆனா சுத்தி இருந்த தங்க விளிம்பு ஒரு பக்கம் வெளுத்துப் போச்சு.

"விடுறா, மணி சரியா காட்டுதுல்ல?"ன்னு அப்பா சிரிச்சுட்டார். அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லல.

அதுல எவ்வளவு தங்கம் இருக்கு?

முலாமோட தடிமனை மைக்ரான்ல சொல்வாங்க. 1,000 மைக்ரான் சேர்ந்தா 1 மில்லிமீட்டர். நம்ம தலைமுடியோட தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். நல்ல பழைய வாட்ச்களில் 10, 20 மைக்ரான் முலாம் இருக்கும். இன்னைக்கு விலை குறைவா கிடைக்கிற பலதுல 1 மைக்ரான் கூட இருக்காது.

கணக்குப் போடுவோம். வாட்ச் கேஸோட வெளிப்பரப்பு 15 சதுர செ.மீ., முலாம் 10 மைக்ரான்னு வச்சுக்கோங்க. கன அளவு 0.015 க.செ.மீ. தங்கத்தோட அடர்த்தி 19.3. பெருக்கினா சுமார் 0.29 கிராம். அதுவும் சுத்தத் தங்கம்னு எடுத்துக்கிட்டாத்தான். 1 மைக்ரான்னா 0.03 கிராம், அவ்வளவுதான்!

அதனால சொத்து பிரிக்கும்போது "தங்க வாட்ச் யாருக்கு?"ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க. இதை வச்சு நகைக்கடனும் கிடைக்காது. அதோட மதிப்பு தங்கத்துல இல்ல, யார் கொடுத்தாங்கங்கிறதுல இருக்கு.

முதல்ல கண்டுபிடிங்க: அழுக்கா, தேய்மானமா?

ஈரத் துணியால மெதுவா ஒரு தடவை துடைங்க. நிறம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வந்தா, அது வெறும் வியர்வை, எண்ணெய், பவுடர் சேர்ந்த அழுக்கு. சுத்தம் பண்ணிடலாம். ஓரங்கள்லயும் ஸ்ட்ராப் மாட்டுற கொம்புலயும் வெள்ளையாவோ செம்பு நிறமாவோ தெரிஞ்சா, முலாம் போய் உள்ள இருக்கிற நிக்கல் அல்லது பித்தளை வெளிய வந்துடுச்சு. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் தங்கம் திரும்ப வராது. பச்சைப் படிவம் இருந்தா அடி உலோகம் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. வாட்ச் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

சுத்தம் செய்யும் முறை

1. ஸ்ட்ராப்பைக் கழட்டுங்க. சாவி உள்ள அழுந்தி இருக்கான்னு பாருங்க.
2. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் 2 சொட்டு விடுங்க. கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை நனைச்சு, நல்லா பிழிஞ்சு, கேஸைத் துடைங்க. வாட்ச்சைத் தண்ணியில முக்காதீங்க. பழைய வாட்ச்ல ரப்பர் வாஷர் காய்ஞ்சு போயிருக்கும், தண்ணி உள்ள போயிடும்.
3. இடுக்குல இருக்கிற அழுக்கை மரப் பல்குச்சியால எடுங்க. ஊசி, பின் வேண்டாம்.
4. மெட்டல் செயினைத் தனியா 5 நிமிஷம் அதே தண்ணியில ஊறவச்சு, குழந்தைங்க பிரஷ்ஷால லேசா தேய்ங்க.
5. சோப்பு போக, வெறும் தண்ணியில நனைச்ச துணியால மறுபடி துடைங்க. அப்புறம் காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்து, நிழல்ல உலர விடுங்க.

டூத்பேஸ்ட், சமையல் சோடா, விபூதி, புளி, எலுமிச்சை, மெட்டல் பாலிஷ், இது எதுவும் கூடாது. "பித்தளைக் குத்துவிளக்கு புளியில பளிச்சுன்னு ஆகுதே"ன்னு கேட்பீங்க. விளக்கு முழுக்க பித்தளை. மேல கொஞ்சம் போனாலும் கீழயும் பித்தளைதான். 22 கேரட் வளையலும் அப்படித்தான். முலாம் பூசினது அப்படி இல்ல. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த அக்கவுண்ட்ல ஒரு வித்டிராயல். டெபாசிட்டே கிடையாது.

மறுபடி முலாம் போடலாமா?

நான் விசாரிச்சேன். ஒரு கடையில 2,500 ரூபாய், இன்னொண்ணுல 900. "எத்தனை மைக்ரான் போடுவீங்க?"ன்னு கேட்டேன். 900 சொன்னவர்கிட்ட பதில் இல்ல. நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்: எத்தனை மைக்ரான், எத்தனை கேரட், மெஷினைக் கழட்டிட்டுத்தான் செய்வீங்களா, பில்லுல இதையெல்லாம் எழுதித் தருவீங்களா?

இன்னொரு விஷயம். முலாம் போடுறதுக்கு முன்னாடி கேஸை பஃப் அடிப்பாங்க. அதுல கூரான ஓரங்கள் மழுங்கும், எழுத்துகள் மங்கும். பழைய வாட்ச் சேகரிக்கிறவங்க பலரும் ஒரிஜினல் நிலையில இருக்கிறதைத்தான் விரும்புவாங்க. அதனால விற்கிற எண்ணம் இருந்தா செலவு பண்ணாதீங்க. கட்டிக்கப் போறீங்கன்னா அது உங்க சந்தோஷத்துக்கான செலவு, இன்வெஸ்ட்மென்ட் இல்ல.

நாங்க முலாம் போடல. பின்பக்கம் தாத்தா பொறிச்சுக் கொடுத்த கல்யாணத் தேதி இருக்கு. பஃப் அடிச்சு அதையும் இழக்க மனசு வரல. அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு அந்த வெளுத்த விளிம்போடவே கட்டிக்கிட்டார். மணமேடையில அம்மா ஒரு தடவை அவர் கையைத் திருப்பி, மணி பார்க்கிற மாதிரி பார்த்தாங்க.

உங்க வீட்டு பீரோவுலயும் இப்படி ஒரு வாட்ச் இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிய எடுங்க. துணியும் 2 சொட்டு சோப்பும் போதும்.