இல்லாத தழும்பு

அடையாள அட்டைக்காக எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, "இது நான்தானா?" என்று நீங்கள் முகம் சுளித்ததுண்டா? பக்கத்தில் நிற்கும் நண்பனோ, "உன்னைப் போலவேதான் இருக்கிறது" என்கிறான். வியப்பு என்னவென்றால், இருவர் சொல்வதும் சரிதான்.

உங்கள் முகத்தை நீங்கள் அறிந்திருப்பது கண்ணாடியின் வாயிலாக. கண்ணாடி உருவம் இடவலம் மாறியது. யாருடைய முகத்திலும் இரு பாதிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒரு புருவம் சற்றே உயர்ந்திருக்கும். வகிடு ஒரு பக்கமாக இருக்கும். ஆகவே கண்ணாடியில் பழகிய முகம் படத்தில் ஏதோ பிறழ்ந்ததுபோல் தோன்றுகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் 1977-இல் இதைச் சோதித்தார்கள். மாணவியரைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்தையும் நேராக ஒன்று, இடவலம் மாற்றி ஒன்று என இருவகையாக அச்சிட்டனர். மாணவியரில் பெரும்பாலோர் மாற்றி அச்சிட்டதையே விரும்பினர். அவர்களுடைய தோழியருக்கு நேர்ப்படமே பிடித்திருந்தது. அவரவர் நாள்தோறும் கண்டு பழகிய முகத்தை அவரவர் விரும்பினர், அவ்வளவே.

செல்பேசியால் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் படத்தில் மூக்கு உண்மையைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் மறைந்துவிடும். குறை மூக்கில் இல்லை, தொலைவில் இருக்கிறது!

முகத்தைப் பற்றி மட்டுமன்று, முழு உடலைப் பற்றியும் நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. பால் ஷில்டர் என்ற மருத்துவர் 1935-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். உளவியலார் இதை 'உடல் உருவகம்' என்பர். இந்த மனப்படம் எவ்வளவு நம்பத்தக்கது?

பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் ஃபாலன், ரோசின் என்ற இருவர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிக மெலிந்த உருவம் முதல் மிகப் பருத்த உருவம் வரை ஒன்பது படங்களை 475 மாணவ மாணவியரிடம் காட்டினர். "உங்கள் உடல் இவற்றில் எது? எப்படி இருக்க விரும்புகிறீர்கள்? எதிர்ப்பாலார் எதை விரும்புவர் என்று எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டனர். மாணவியர் தம் உடலைப் பருமனான பக்கத்தில் வைத்து, விரும்பிய உருவத்தை மெலிந்த பக்கத்தில் காட்டினர். மாணவர் காட்டிய படங்களோ ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் கடைசிக் கேள்வியில் இரு சாராருமே தவறினர். ஆண்கள் உண்மையில் விரும்பியதைவிட மெலிந்த உருவத்தையே அவர்கள் விரும்புவதாகப் பெண்கள் நினைத்தனர். பெண்கள் விரும்பியதைவிடப் பருத்த உருவத்தை அவர்கள் விரும்புவதாக ஆண்கள் நினைத்தனர். யாருக்காகப் பட்டினி கிடக்கிறோமோ, அவர்கள் கேட்காததற்காகக் கிடக்கிறோம்.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த கிளெக், ஸ்ட்ரென்டா ஆகியோர் 1980-இல் வெளியிட்டது அது. சோதனைக்கு வந்தவர்களின் கன்னத்தில் அரிதாரத்தால் பெரிய தழும்பு ஒன்றை வரைந்து, கண்ணாடியில் காட்டினர். பிறகு, "காய்ந்து வெடிக்காமல் இருக்கக் களிம்பு தடவுகிறோம்" என்று சொல்லித் தழும்பையே துடைத்து எடுத்துவிட்டனர். அவர்களுக்கு இது தெரியாது. அந்நிலையில் வேறொருவருடன் உரையாடச் செய்தனர். திரும்பி வந்து என்ன சொன்னார்கள், தெரியுமா? எதிரே இருந்தவர் தம் தழும்பால் இறுக்கமாக நடந்துகொண்டார் என்றனர்! தழும்புக்குப் பதிலாக, 'உங்களுக்கு ஒவ்வாமை உண்டு என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்' என்று நம்ப வைக்கப்பட்டவர்களுக்கு இப்படித் தோன்றவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பேசும்போது எவரும் இடையிடையே கண்ணை அப்பால் திருப்புவர், சற்றுத் தயங்குவர். தழும்பு உண்டென்று நம்புகிறவருக்கு இந்த இயல்பான அசைவுகள் எல்லாம் சான்றுகளாகிவிடுகின்றன. முகப்பருவுக்காகக் கடைசிப் பெஞ்சில் ஒடுங்கி, ஐயம் எழுந்தும் கேள்வி கேட்காமல் இருந்துவிடும் மாணவனின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

கார்னெல் பல்கலைக் கழக மாணவர்கள் சிலருக்கு, அணியக் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டி, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் எண்ணினர். கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. இது 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு.

ஆயினும் எல்லாமே மனமயக்கம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. கறுப்பு என்றும் குட்டை என்றும் பெயர் வைத்து அழைக்கும் வகுப்பறைகள் நம்மிடையே உண்டு. அங்கே தவறு கேலி செய்பவருடையதே. கேட்பவர் தம் மனப்படத்தைத் திருத்திக்கொள்வதால் அது தீராது.

மனப்படம் முற்றிலும் பிறழ்ந்துபோகும் நோயும் இருக்கிறது. அனோரெக்சியா நெர்வோசா என்பது அதன் பெயர். எலும்பு தெரிய இளைத்த பின்னும் நோயாளி, "நான் பருமன்" என்றே சாதிக்கக்கூடும், உணவைத் தவிர்ப்பார். மாதவிலக்கு நின்றுபோகலாம், நாடித்துடிப்பு தளரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆண்களுக்கும் இது வருவதுண்டு. உங்கள் விடுதியில் யாரேனும் நாள்தோறும் ஏதாவது சாக்குச் சொல்லிச் சாப்பாட்டைத் தவிர்த்து இளைத்து வந்தால், அறிவுரை கூறிக் காலத்தைக் கழிக்காமல் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.