குழந்தையின் இமையில் சிவப்புக் கட்டி: 'தானா போயிடும்' என்று காத்திருக்கலாமா?

பிறந்தபோது ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் மேல் இமையில் கொசு கடித்தது போல ஒரு சிவப்பு. இரண்டே மாதத்தில் கண்ணைப் பாதி மூடும் அளவுக்கு வீக்கம். அழும்போது இன்னும் புடைக்கிறது. "மச்சம்தான், வளர வளர தானா போயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

அதில் பாதி உண்மை. பெரும்பாலும் இது 'ஹெமாஞ்சியோமா' எனப்படும் ரத்தநாளக் கட்டி, புற்றுநோய் அல்ல. முதல் சில மாதங்கள் வேகமாக வளரும், பிறகு சில வருடங்களில் மெல்லச் சுருங்கும்.

ஆனால் பார்வை அதுவரை காத்திருக்காது. மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதே இந்த வயதில்தான். கட்டி கண்மணியை மறைத்தாலோ, கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றினாலோ, அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதுதான் 'சோம்பேறிக் கண்'. கட்டி கரைந்த பிறகும் இந்தக் குறை தங்கிவிடலாம்.

தோலில் சிவப்பாகத் தெரிந்தால் டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார். கண்ணுக்குப் பின்னால் இருந்தால்தான் சிக்கல்: நிறம் தெரியாது, கண் மட்டும் முன்தள்ளும். அப்போது டாப்ளர் ஸ்கேன், எம்ஆர்ஐ தேவைப்படும். ராப்டோமயோசர்கோமா போன்ற புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும் என்பதால், சந்தேகம் இருந்தால் பயாப்ஸியும் உண்டு. புருவத்தின் வெளி ஓரத்தில் கெட்டியான உருண்டை என்றால் அது வேறு கதை. அநேகமாக 'டெர்மாய்டு' கட்டி. அதற்கு மருந்து இல்லை, உடையாமல் முழுதாக அறுத்து எடுக்க வேண்டும்.

ஹெமாஞ்சியோமாவுக்கு முன்பு ஸ்டீராய்டுதான். பிரான்ஸின் போர்டோ நகரில் இதயப் பிரச்சினைக்காக ஒரு குழந்தைக்கு ப்ராப்ரனலால் கொடுத்தபோது, மறுநாளே கட்டியின் நிறம் மங்கியது. தோல் மருத்துவர் கிறிஸ்டீன் லியோட்டே-லப்ரேஸ் குழு 2008-ல் இதை வெளியிட, சிகிச்சையே மாறிப்போனது. 2014-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதற்கென ஒப்புதல் தந்தது. ரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்கள் போடும் அதே பழைய மாத்திரைதான், திரவ வடிவில்!

அதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை இது. இதயத் துடிப்பு குறையலாம், மூச்சிரைப்பு வரலாம், வெறும் வயிற்றில் சர்க்கரை திடீரென இறங்கலாம். பால் கொடுத்த கையோடுதான் மருந்து. வாந்தி, பால் குடிக்காத நாள் என்றால் அந்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். சோம்பேறிக் கண் வந்துவிட்டால் கண்ணாடியோ, நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடும் பேட்ச்சோ கூடவே வரும்.

முதல் முறை போகும்போது மொபைலில் இருக்கும் பழைய போட்டோக்களை தேதிவாரியாக எடுத்துப் போங்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை டாக்டர் முதலில் பார்ப்பது அதில்தான்.